ஒரு ஆள் மூலமாக

என் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில்தான் அவர் குடியிருந்தார். ஒரு நாள் அவர் வீட்டுக் குழாய் உடைந்து தண்ணீர் என் கடைக்குள் ஒழுக ஆரம்பித்தது. பன்னிரண்டு படி இறங்கினால் நான் இருக்கிறேன். மனுஷர் என் கடைப் பக்கமே தலையைத் திருப்பாமல் தெருமுனைக்குப் போய் இஸ்திரிக்காரரை அனுப்பினார். இஸ்திரிக்காரர் கையிலிருந்த சட்டையைத் தேய்த்து மடித்து வைத்துவிட்டு நிதானமாக வந்து, "யக்கா, ஒங்க கடையில தண்ணி ஒழுவுதாம். மேல் வீட்டுக்காரரு சொல்லச் சொன்னாரு" என்றார். அப்போது தண்ணீர் என் தலையிலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் அண்ணே, நேரா வந்து சொன்னா வாய் வலிக்குமா?" என்று சாயந்திரம் மேல் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"நேரா வந்தா சண்டை வந்துடும்க்கா. ஒரு ஆள் மூலமா வந்தா விஷயம் மட்டும்தான் வரும்" என்றார்.

என்னைவிட நாலு வயது மூத்தவர் அவர். இருந்தும் என்னை அக்கா என்பார். அவர் மனைவி ஸ்டெல்லா என்னை அக்கா என்பாள். அந்த முறை அவள் வழியாக அவருக்கு வந்து சேர்ந்தது. நான் அவரை அண்ணே என்பேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டு புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒன்பது வருஷம் ஓட்டினோம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதைப் படித்த யாராவது அவரிடம் போய்ச் சொல்வார்கள். அவரும் அதற்குப் பதில் சொல்ல இன்னொருத்தரைத் தேடுவார். எதற்கு வம்பு?

தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஆபரேட்டர். தொழிலில் கெட்டிக்காரர். இரும்பைத் தலைமுடி கனத்துக்குச் சீவச் சொன்னாலும் சீவுவார். ஆனால் மச்சான் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்று முதலாளியிடம் கேட்க, பட்டறைக்கு டீ கொண்டுவருபவரை அனுப்பினார். முதலாளி என்ன புரிந்துகொண்டாரோ, டீக்காரருக்கு இரண்டு நாள் லீவு கொடுத்துவிட்டார். பட்டறையில் இரண்டு நாள் டீ இல்லை. இவர் லேத்தில் நின்றுகொண்டிருந்தார். மச்சான் கல்யாணத்துக்கு ஸ்டெல்லா மட்டும் போய் வந்தாள்.

சாமி விஷயத்திலும் அப்படித்தான். நான் வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எங்களுக்கு மாரியம்மன் முன்னால் நின்று சத்தம் போட்டுக் கேட்டுத்தான் பழக்கம், திட்டக்கூடத் திட்டுவோம். அவர் கிறிஸ்தவர். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் கோயிலுக்குப் போவார். ஆண்டவரிடம் நேராகக் கேட்பது முறையில்லை, அந்தோணியார் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பார். சரி, அது அவர்கள் வழக்கம், பரிந்து பேசத்தானே புனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவர் அந்தோணியாரிடமும் நேராகப் பேச மாட்டார். கோயில் உபதேசியாரிடம் மெழுகுவத்தியைக் கொடுத்து, "நீங்களே ஏத்திட்டு சொல்லிடுங்க" என்று வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். ஸ்டெல்லா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "மோட்சத்துல இவரோட மனு எந்த டேபிள்ல கெடக்குதோ, யாருக்குத் தெரியும்?"

அவர்கள் கல்யாணக் கதையையும் அவள்தான் சொன்னாள். கண்ணில் இரும்புத் துகள் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அங்கே அவள் நர்ஸ். துகளை எடுத்தவள் அவள். ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தவர், பெண் கேட்கச் சொல்லிப் பட்டறை சூப்பர்வைசரை அனுப்பினார். சூப்பர்வைசர் தன் மனைவியிடம் சொல்ல, அந்த அம்மா தன் தங்கையிடம் சொல்ல, தங்கை ஆஸ்பத்திரி ஆயாம்மாவிடம் சொல்ல, விஷயம் ஸ்டெல்லாவின் காதுக்கு வர மூன்று மாதம். பதிலை அதே வழியில் அனுப்பினால் கிழவியாகிவிடுவோம் என்று அவளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பட்டறை வாசலுக்குப் போய், "எனக்குச் சம்மதம்" என்றாளாம்.

"ரொம்ப சந்தோஷம். இத நம்ம சூப்பர்வைசர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுறீங்களா?" என்றாராம் மாப்பிள்ளை.

அந்தச் சூப்பர்வைசர் ஓடிவந்து இவர் தலையில் குட்டினாராம். இதைச் சொல்லும்போது ஸ்டெல்லாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும், சிரித்துத்தான்.

அவளுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. பரீட்சை, சர்டிபிகேட், விசா எல்லாம் என் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவளே போட்டுக்கொண்டாள். எங்கள் ஊரில் வெளிநாடு என்றால் பிரான்ஸ்தான். தெருவில் எல்லோரும் "பிரான்சுக்கே போலாமே, அங்க நம்ம சனம் இருக்குதே" என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை. போய்விட்டாள். அவர் மேல் மாடியில் தனியாக இருந்தார். பிள்ளை குட்டி இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன். புதுச்சேரியில் மதியம் ஒரு மணிக்குக் கடைகளைச் சாத்துவோம் அல்லவா? நானும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட உட்காருவேன். அவர் பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வருவார். அவளுக்கு அது நைட் ட்யூட்டி முடிந்த காலை. போன் என் போனுக்கு வரும். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைப்பேன். அவர் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்து, "குளுரு எப்படி இருக்குதுன்னு கேளுங்கக்கா" என்பார். அவளுக்கு அது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் "குளிரு எப்படி இருக்குதாம்?" என்று திருப்பிக் கேட்டால்தான் அவள் பதில் சொல்வாள். அவளுக்கும் பழகிவிட்டது. சனியன், எனக்கும் பழகிவிட்டது.

அவர் இல்லாத நேரத்தில் எனக்கு மெசேஜ் அனுப்புவாள். "சாப்பிட்டாச்சான்னு கேளுங்க." "நேத்து கனவுல வந்தாருன்னு சொல்லுங்க." "அந்த நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கக்கா, பாக்கணும் போல இருக்குது." நான் "சொல்லிட்டேன், வெக்கப்படுறாரு" என்று பதில் போடுவேன். என் வீட்டுக்காரர் இறந்துபோய் ஆறு வருஷம். என் வீட்டில் இப்படிப்பட்ட வார்த்தை எதுவும் புழங்கி எவ்வளவோ நாளாகியிருந்தது. ஒரு மதியம் போன் வரத் தாமதமானால் அவரைவிட நான்தான் முதலில் போனை எடுத்துப் பார்ப்பேன்.

ஒன்றரை வருஷம் கழித்து ஸ்டெல்லா ஒரு நாள் சொன்னாள். "அக்கா, இப்ப நான் அவரை கூப்பிட்டுக்கலாம். விசா போடச் சொல்லுங்க. ஒங்க கடையிலயே போட்டுடலாம். மாசக் கடைசியில நான் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். அதுக்குள்ள அவரு வர்றதா வரலையான்னு எனக்குத் தெரியணும். வரலைன்னா நான் வேலைய விட்டுட்டு வந்துடுவேன். ரெண்டு வீடு இனிமே என்னால ஆவாது."

அவர் ஸ்டூலில் நெளிந்தார். "ஏஜென்சி மூலமா போடுறேன்னு சொல்லுங்கக்கா."

"எதுக்குண்ணே ஏஜென்சி? அவளே தனியாப் போட்டுட்டுப் போனா."

"அவ தைரியசாலி. ஏஜென்சி இல்லாம போயி, அங்க எறங்கினதும் 'நீ யாரு மூலமா வந்தே'ன்னு கேட்டா நான் என்னாக்கா சொல்றது?"

"பொண்டாட்டி மூலமான்னு சொல்லுங்க!" என்று கத்தினேன். போனில் ஸ்டெல்லா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

எந்த ஏஜென்சி என்று முடிவு செய்யவும் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. ஏஜென்ட்டுக்குத்தானே ஏஜென்ட்டைத் தெரியும் என்று ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைக் கேட்டார். அவர் ஒரு வீட்டுப் புரோக்கரைக் கைகாட்டினார். புரோக்கர், மூலக்குளத்தில் தான் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த கட்டடத்தில் ஒரு ஏஜென்சி இருப்பதாகச் சொன்னார். "ரொம்ப நல்ல எடமாம்க்கா. போர் தண்ணி உப்பே கெடையாதாம்" என்று வந்து நின்றார். அயர்லாந்து போவதற்கும் போர் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "வெசாரிச்ச வரைக்கும் அதான் தெரிஞ்சுது" என்றார். கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார்.

கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க உலகப் படம். டை கட்டிய ஒரு பையன்தான் அங்கே ஆலோசகர். என்ன வேலை, என்ன படிப்பு என்று இவரைக் கேட்டான். இவர் என் பக்கம் திரும்பி, "லேத்து வேலைன்னு சொல்லுங்கக்கா" என்றார். நான் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் அந்தப் பையனும் என்னையே பார்த்து, "சாருக்குப் பாஸ்போர்ட் இருக்குதான்னு கேளுங்க மேடம்" என்று ஆரம்பித்துவிட்டான். மூன்று பேரும் தமிழர்கள். ஒரே மேஜை.

"அடுத்தது, சாரும் அவங்க ஒய்ஃபும் தொடர்புல இருக்காங்கன்னு ஆதாரம் வேணும். கால் ஹிஸ்டரி, மெசேஜ், எல்லாம்" என்றான்.

"கல்யாண சர்டிபிகேட் இருக்குதே, போதாதா?" என்றேன்.

"அது கல்யாணம் ஆச்சுன்னு காட்டும் மேடம். இன்னும் ஓடுதுன்னு காட்டாதே."

இவர் தன் போனைக் கொடுத்தார். பையன் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். ஒன்றரை வருஷத்தில் ஸ்டெல்லாவிடமிருந்து ஒரே ஒரு அழைப்பு, ஒன்பது மாதத்துக்கு முன். ஏழு வினாடி. "அது அவ கை தெரியாம பட்டது" என்று இவரே விளக்கமும் கொடுத்தார், என் மூலமாக.

"அப்ப பேசவே மாட்டீங்களா?"

"தெனமும் பேசுறோமே!" என்று என் போனைக் காட்டினார், பெருமையாக.

அந்தப் பையன் என் போனை வாங்கினான். தினமும் மதியம் அயர்லாந்து அழைப்பு, அரை மணி, முக்கால் மணி. மெசேஜைத் திறந்தான். கனவு, நீலச் சட்டை, பார்க்கணும் போல இருக்குது, எல்லாவற்றையும் படித்தான். அவன் காது சிவந்தது. போனை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இத வச்சு அப்ளை பண்ணினா விசா ஒங்களுக்குத்தான் கெடைக்கும்."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இவர் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் அந்தப் பையன் குரலைத் தாழ்த்தி, முழு பேக்கேஜ் எடுத்தால் கவலை வேண்டாம், ஒன்றரை வருஷத்துக்கு உண்டான மெசேஜை அவர்களே தயார் செய்து தருவார்கள் என்றான். ஒரு மாதிரியையும் காட்டினான். "டியர், சாப்பிட்டியா? இங்கே மழை. நீ இல்லாமல் நிலவு இல்லை."

இவர் முகத்தில் திரும்ப ரத்தம் வந்தது. "பாத்தீங்களாக்கா, நமக்குப் பதிலா அவங்களே பேசிடுவாங்களாம்!" வாழ்நாள் முழுக்கத் தேடிய ஆளைக் கண்டுவிட்ட சந்தோஷம். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

"பொய்ப் பேப்பர் குடுத்து மாட்டினா விசாவும் கெடைக்காது, அப்பறம் பல வருஷத்துக்கு அந்த ஊர்ப் பக்கமே போவ முடியாது. புரியுதா? அவ அங்க, நீங்க இங்க. அவ்ளோதான்."

"ஏஜென்சி வைக்கலாமா வேணாமான்னு ஸ்டெல்லாகிட்டயே கேட்டுடுங்கக்கா."

"மாட்டேன். இத மட்டும் நான் கேக்க மாட்டேன். ஒங்க பொண்டாட்டி, ஒங்க வாய். நீங்களே கேளுங்க."

அவர் கேட்டாரா? உபதேசியாரிடம் போனார், உபதேசியார் விரட்டிவிட்டார். மறுநாள் மதியம் ஸ்டெல்லா என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. "அக்கா, இஸ்திரிக்காரரு எனக்குப் போன் பண்ணி, ஏஜென்சி வச்சு மெசேஜ் தயார் பண்ணலாமா வேணாமான்னு கேக்குறாரு. தெருவுல இருக்கறவங்க எல்லாம் என்கிட்ட பேசுறாங்க. அவரு ஒருத்தரைத் தவிர." பிறகு, "அவருகிட்ட சொல்லுங்க... வேணாம். ஒண்ணும் சொல்ல வேணாம்" என்று வைத்துவிட்டாள்.

அதன் பிறகு எட்டு நாள் போன் இல்லை. மெசேஜ் இல்லை. அவர் மதியம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து மேஜையையே பார்ப்பார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மாதக் கடைசிக்கு நாலு நாள்தான் இருந்தது. அவள் வேலையை விட்டுவிட்டு வந்தால், இந்த மனுஷரிடம்தானே வர வேண்டும்? வருவாளா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான்தானே தினமும் நடுவில் உட்கார்ந்து இதை இவ்வளவு தூரம் வளர்த்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் அவர் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "எப்படிக்கா ஆரம்பிக்கிறது?" என்றார். நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நின்றால் எல்லாம் கேட்கும், அது வேறு விஷயம்.

ஸ்டெல்லா போனை எடுத்தாள். இவர் தொண்டையைச் செருமினார். "வணக்கம்... நான் ஒங்க வீட்டுக்காரரு பேசுறேன்."

ஸ்டெல்லா கேட்டாள். "யாரு பேசச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானாத்தான்."

அவள் அழ ஆரம்பித்தாள். இவர் தவித்துப்போய் அங்குமிங்கும் பார்த்தார். நான் தலையைக் காட்டவில்லை. கடைசியில், "அழாத ஸ்டெல்லா. ஏஜென்சி வேணாம். நான் வர்றேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார். அதற்கே வேர்த்து ஊற்றியது.

அவள் கான்ட்ராக்ட்டைப் புதுப்பித்தாள். நாலு மாதம் தினமும் அவர் போனிலிருந்தே பேசினார், படிக்கட்டில் உட்கார்ந்து. பிறகு என் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டோம். அந்த நாலு மாதம் சரி, அதற்கு முந்தைய ஒன்றரை வருஷத்துக்கு என்ன சொல்வது? உண்மையையே சொல்வோம் என்றேன். நோட்டரி முன்னால் நான் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தேன். இங்கிலீஷில் நானே அடித்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மேற்படி நபரின் மனைவியிடமிருந்து என் கைபேசிக்கு வந்த அன்பான சொற்கள் யாவும் அவருக்கானவை. நான் அவற்றைக் கொண்டு சேர்த்தவள் மட்டுமே. அவற்றில் எதுவும் எனக்கானதல்ல என்று உறுதி கூறுகிறேன்.'

நோட்டரி இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மாதிரி ஒண்ணுல நான் கையெழுத்துப் போட்டதே இல்லம்மா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பேனாவை எடுத்தேன். கடைசி வரியிலேயே கண் நின்றது. நான் அடித்ததுதான், பொய்யும் இல்லை. நோட்டரியும் கூட வந்த அவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று கையெழுத்துப் போட்டேன்.

விசா வந்தது. அவர் போய்ச் சேர்ந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வீடியோவில் கூப்பிட்டாள். பக்கத்தில் அவர், கழுத்து வரைக்கும் கம்பளி. நன்றாக வாயாடினார், நம்பவே முடியவில்லை. வைக்கும்போது ஸ்டெல்லா சொன்னாள், "அக்கா, அந்தப் பழைய மெசேஜெல்லாம் அழிச்சிடுங்க. இப்ப நெனச்சா ஒரே வெக்கமா இருக்குது."

"அதையெல்லாம் அப்பவே அழிச்சிட்டேன்டி" என்றேன்.

அழிக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட உட்காரும்போது சில நாள் எடுத்துப் பார்ப்பேன். 'சாப்பிட்டாச்சான்னு கேளுங்க' என்று ஒன்று வரும். இனி யாரைக் கேட்பது? இதோ சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவேன்.